அளவுகோல் யார் கையில்?

பள்ளிப்பட்டுக்குக் கூட்டம் பேசச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கடை வாசலில் விசைத்தறித் தொழிலாளர்கள் நாலைந்து பேர், தறி ஓசையில் பழகிப்போன உரத்த குரலில் வழக்காடிக்கொண்டிருந்தனர். வழக்கு தேர்தலைப் பற்றியதல்ல; கூலியைப் பற்றியதுமல்ல. தெருமுனை மாடிவீட்டின் மேல் எழும்பப் போவதாகப் பேச்சு அடிபடும் செல்போன் கோபுரத்தைப் பற்றியது!

“டவர் வந்தா புள்ளைங்களுக்குப் புத்துநோய் வரும்னு சொல்றாங்கண்ணே!” என்றார் ஒருவர்.

“டவர் வரலேன்னா? நம்ம போனு ஆந்திராக்காரன் டவரைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ராத்திரி ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் பேச முடியல” என்றார் மற்றவர்.

நரைத்த தலையினர் ஒருவர், வாழ்நாளெல்லாம் தறியில் நின்றவர், கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “தம்பி, இவங்க ரெண்டு பேரு சொல்றதும் இருக்கட்டும். அதுலேருந்து எவ்வளவு வருதுன்னு எவனாவது அளந்து சொன்னானா?”

இரு கட்சியும் வாயடைத்துப்போயிற்று. நாமும்தான்!

மேடையில் நாம் ஒரு மணி நேரம் பேசியதைக் காட்டிலும், அந்தப் பெரியவர் கேட்ட ஒற்றைக் கேள்வி பெரிது. அஞ்சுகிறவர் அளக்கவில்லை, அஞ்சாதே என்று ஆறுதல் சொல்பவரும் அளக்கவில்லை. அளவே இல்லாத ஒரு வழக்கு, ஒரு தெருவை இரண்டாகப் பிளக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் இன்று தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம்.

செல்போன் கோபுரம் வீசுவது வானொலி இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலை. நேற்று முளைத்த பூதமல்ல அது. 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கிய நாள்முதல் இந்த இனத்து அலைகள் நம் தலைக்குமேல் உலவி வருகின்றன. “கதிர்வீச்சு” என்ற சொல்லைக் கேட்டதும் இரோசிமாவும் எக்ஸ்ரே அறையும் நினைவுக்கு வருகின்றன. எக்ஸ்ரேக்கு, உடலின் அணுக்களிலிருந்து மின்னணுவைப் பிய்த்தெறியும் வலுவுண்டு. கோபுரத்து அலைக்கு அந்த வலு இல்லை. அது செய்யும் என்று அறிவியல் ஐயமற நிறுவியிருப்பது ஒன்று: அளவு மிகுந்தால் உடலைச் சூடாக்கும். ஆகவே, எல்லாம் அளவைப் பொறுத்தது. அடுப்புக்குப் பத்தடி தள்ளி அமர்ந்தால் குளிர்காயலாம். அடுப்புக்குள் கையை விட்டால் வெந்துபோகும். அதற்காக அடுப்பே கூடாது என்பாருமில்லை. அடுப்பில் நெருப்பே இல்லை என்பாருமில்லை.

இந்த அலையின் குணங்கள் சில உண்டு. தொலைவு இரட்டித்தால் வலு நான்கில் ஒன்றாகக் குறையும். கோபுரத்தின் அலை நேரே காலடியில் கொட்டுவதில்லை. தலைக்குமேல் கிடையாக நீண்டு, சற்றே சாய்ந்து, தள்ளிப்போய்த்தான் தரை தொடும். விளக்கடியில் இருட்டு என்பார்களே, அதுபோல! கோபுரத்தின் நேர் கீழே உள்ள குடிசையைவிட, எதிர்வரிசையில் அதே உயரத்தில் நிற்கும் மூன்றாவது மாடிக்கு அலை மிகுதியாகச் சேரலாம். கீழே இருப்பவர் அஞ்சி அஞ்சிச் சாகிறார். மேலே இருப்பவர் அயர்ந்து உறங்குகிறார்!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். கோபுரம் தொலைவில் இருந்தால், சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அதை எட்டுவதற்காக உரக்கக் கூவ வேண்டும். வலுவைக் கூட்டிக்கொண்டு கூவும். கோபுரத்தை ஊரைவிட்டுத் துரத்தினோம் என்று வெற்றிவிழா கொண்டாடும் அதே வேளையில், காதோடு ஒட்டிய கருவி முன்னிலும் மிகுதியாக அலை வீசக்கூடும். கண்ணால் கண்டு சொல்ல முடியாது, காதால் கேட்டுச் சொல்ல முடியாது, மூக்கால் முகர்ந்து சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

அளக்காத இடத்தில் என்ன முளைக்கும்? அச்சம் முளைக்கும். அச்சம் முளைத்த இடத்தில் ஏமாற்று வாணிபம் கடை விரிக்கும்.

2018-இல் ‘2.0’ திரைப்படம் வந்தது. கைப்பேசி அலையால் பறவைகள் மாண்டதாகக் கதை. படம் பார்த்து வீடு திரும்பிய எத்தனையோ பேர் கோபுரத்தைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கதை கதைதான், சான்றாகாது. 2020-இல் கொரோனாவைப் பரப்புவது 5ஜி அலை என்று நம்பி, இங்கிலாந்து நாட்டிலேயே கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். 2021 மே திங்களில் அதே வதந்தி இந்தியாவில் உலவியது. அப்போது இங்கே 5ஜி சேவை தொடங்கப்படவே இல்லை!

இவற்றையெல்லாம் விஞ்சியது ஒன்று. 2020 அக்டோபரில், ஒன்றிய அரசு அமைத்த ‘இராஷ்டிரிய காமதேனு ஆயோக்’ என்னும் அமைப்பின் தலைவர் வல்லபாய் கதிரியா, பசுஞ்சாணத்தில் செய்த ‘சிப்’ ஒன்றைக் காட்டி, இதைக் கைப்பேசியோடு வைத்துக்கொண்டால் கதிர்வீச்சு குறையும் என்றார். குறையும் என்றால், முதலில் எவ்வளவு இருந்தது? பிறகு எவ்வளவு ஆயிற்று? எந்தக் கருவியால் அளந்தார்கள்? அறிவியலாளர்கள் சான்று கேட்டார்கள். சாணம் கிடைத்தது, சான்று கிடைக்கவில்லை!

பேய்க்கு அஞ்சாதே, பில்லி சூனியத்துக்கு அஞ்சாதே என்று பட்டிதொட்டியெல்லாம் சொன்ன இயக்கம் நம்முடையது. பேய் இருந்த நாற்காலியில் டவரை உட்கார வைத்து, அதற்கும் தாயத்து விற்க வருகிறவர்களை நாம் அனுமதிக்கலாமா?

அச்சம் வேண்டாம், சரி. அலட்சியம் மட்டும் வேண்டுமா? அதுவும் வேண்டாம். அறிவியல் சொல்வதை இருபுறமும் நேர்மையாகக் கேட்போம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 மே திங்களில், இந்த அலைகளைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் “கூடும்” என்ற பட்டியலில் வைத்தது. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பட்டியலில் இருக்கிறது. உறுதி என்று பொருளல்ல. மேலும் ஆராய்க என்று பொருள். 2018-இல் அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வு, நாளெல்லாம் மிக உயர்ந்த அளவில் அலைக்கு ஆட்படுத்திய ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகளைக் கண்டது. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி, மனிதர்களைப் பற்றிய 63 ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட அறிஞர்கள், கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை என்றனர். ஆறுதலான செய்தி. ஆனால் ஏடு இன்னும் மூடப்படவில்லை. மூடப்படாத ஏட்டை வைத்துக்கொண்டு அலறுவது பேதைமை. உறங்குவது அதைவிடப் பேதைமை.

சட்டம் என்ன சொல்கிறது? 2008-இல் ஒன்றிய அரசு பன்னாட்டு வரம்பை ஏற்றது. 2012 செப்டம்பர் 1 முதல் அந்த வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகா எர்ட்சு அலைக்கு, பன்னாட்டுக் கணக்கு சதுர மீட்டருக்கு 4.5 வாட், இந்தியா வகுத்தது 0.45 வாட். மீறினால் 5 லட்சம் ரூபாய் தண்டம் என்றார்கள். பின்னர் அதை 10 லட்சம் ஆக்கினார்கள். நல்ல செயல்; நாம் குறை கூறவில்லை. மாற்றான் செய்தாலும் நல்லதை நல்லது என்றே சொல்வோம்.

ஆனால், தோழர்களே, வரம்பு காகிதத்தில் இருக்கிறது. அலை தெருவில் இருக்கிறது! இரண்டையும் இணைக்கும் அளவுகோல் யாரிடம் இருக்கிறது?

வரம்புக்குள் இருக்கிறோம் என்று நிறுவனங்களே தமக்குத் தாமே சான்றிதழ் எழுதித் தரவேண்டும் என்பதுதான் வகுத்த முறை. அரசின் களப்பிரிவுகள் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் சோதிக்கும். மீதித் தொண்ணூறு? சான்றிதழை நம்பு! 2017 மே திங்களில் ‘தரங் சஞ்சார்’ என்றொரு இணையத்தளம் திறந்தார்கள். குடிமகன் தன் வீட்டருகே அலையை அளந்து தரும்படி அதில் கேட்கலாம் என்றார்கள். மகிழ்ந்தோம். அடுத்த வரியைப் படித்தோம். கட்டணம் 4,000 ரூபாய்!

தறியில் நிற்கும் தோழன் 4,000 ரூபாய் ஈட்ட எத்தனை நாள் கால் கடுக்க நிற்க வேண்டும்? தன் பிள்ளை உறங்கும் அறையில் என்ன பாய்கிறது என்று தெரிந்துகொள்ள அவன் இத்தனை நாள் கூலியைக் கொட்டி அழவேண்டுமா? பணமுள்ளவனுக்கு அளவு, பணமில்லாதவனுக்கு வதந்தி! இதுதான் நீதியா?

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களுக்கு இந்தக் கதையை நாம் விளக்கவேண்டியதில்லை. நெய்தவன் ஒருவன், அளக்கிறவன் வேறொருவன் என்றால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். முழக்கோல் முதலாளி கையில் இருந்தால் துணி சுருங்கும். தராசு வணிகன் கையில் இருந்தால் அரிசி குறையும். அதனால்தான் எடைக்கல்லுக்கு அரசு முத்திரை வேண்டும் என்று சட்டம் வந்தது. எடைக்கல்லுக்கு முத்திரை கேட்ட நாட்டில், அலைக்கு மட்டும் வணிகன் தரும் சீட்டே போதும் என்பது என்ன நியாயம்?

ஒருமுறை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. காலை எட்டு மணிக்கு இருக்கும் அலை, எல்லாரும் வீடு திரும்பிக் கைப்பேசியில் படம் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு இருப்பதில்லை. 2022 அக்டோபர் 1-இல் தொடங்கப்பட்ட 5ஜி, விளக்கை எரியவிட்டதுபோல எல்லாப் பக்கமும் ஒரே சீராக வீசுவதல்ல. கைவிளக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதுபோல, கேட்கிறவர் பக்கம் திரும்பி வீசுகிறது. நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. போதாக்குறைக்கு, உயரத்தில் நின்ற அலைக்கருவிகள் தெருவிளக்குக் கம்பத்துக்கு இறங்கி வருகின்றன. 2025 சனவரி 1-இல் நடப்புக்கு வந்த ஒன்றிய அரசின் வழியுரிமை விதிகள் அதற்கு வழி திறந்திருக்கின்றன. ஆண்டுக்கொருமுறை ஓர் அலுவலர் காரில் வந்து, ஒரு தெருவில் நின்று, ஒரு மணி நேரம் அளந்துவிட்டுப் போவது, ஆடி மாதம் ஒருநாள் ஆற்றைப் பார்த்துவிட்டு ஆண்டு முழுதும் இவ்வளவுதான் தண்ணீர் என்று எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் வழி? வழி இருக்கிறது. உலகம் காட்டியிருக்கிறது.

கிரேக்க நாட்டில், அணுசக்தி ஆணையம் ஏறத்தாழ 500 அளவுக்கருவிகளை நாடெங்கும் நிறுத்திவைத்தது. அவற்றோடு, வண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகச் சுற்றும் அளவுக்கருவிகளையும் சேர்த்தது. அளந்ததை மக்கள் பார்க்கும்படி வெளியிட்டது. பிரான்சு நாட்டில், 2014 முதல் குடிமகன் எவரும் தன் வீட்டில் அலையை அளந்து தரும்படி கேட்கலாம். அவர் கட்டணம் கட்டவேண்டியதில்லை. நிறுவனங்களிடம் வாங்கும் வரியிலிருந்து செலவு போகிறது! 2011, 2012-இல் பாசல், கென்ட், பிரசல்சு நகரங்களில் ஆய்வாளர்கள் அளவுக்கருவியைச் சுமந்து தெருத்தெருவாக நடந்தார்கள், வண்டிகளில் ஏறினார்கள். ஓராண்டுக்குள்ளேயே வெளியிடங்களில் அலை கூடியிருக்கக் கண்டார்கள். ஆனாலும் அது வரம்புக்கு வெகு கீழே இருந்தது. மிகுதியாக இருந்த இடம் எது தெரியுமா? கோபுரத்தடி அல்ல; தொடர்வண்டிப் பெட்டி! பயணிகளின் கைப்பேசிகளே காரணம். அளந்ததால் அல்லவா இது தெரிந்தது? அளக்காமல் இருந்திருந்தால் கோபுரத்தை மட்டும்தானே திட்டிக்கொண்டிருப்போம்?

நம்மால் முடியாதா? நம்மிடம் இல்லாதது என்ன? பேருந்து இருக்கிறது! 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன் என்று கழக ஆட்சி மக்களுடைமை ஆக்கிய போக்குவரத்தின் வழிவந்த பேருந்துகள், விடியற்காலை முதல் நள்ளிரவு வரை தமிழ்நாட்டின் தெருவெல்லாம் ஓடுகின்றன. அவற்றின் கூரைமேல், சோற்றுத்தூக்கு அளவில் ஒரு பெட்டி. அலையை வாங்க ஓர் உணர்கொம்பு. இடத்தைக் குறிக்க ஒரு கருவி. சில விநாடிக்கொருமுறை அளந்து, எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு என்று நடுவிடத்துக்கு அனுப்ப ஒரு சிம் கார்டு. நூறு பேருந்தில் நூறு பெட்டி. ஒரே மாதத்தில், எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எவ்வளவு என்று சென்னைக்கு முழுவரைபடம் கிடைக்கும். நடமாடும் உணர்கருவிப் பின்னல் என்று அறிஞர்கள் சொல்வது இதைத்தான். தறிக்காரர் மொழியில் சொன்னால், தெருக்கள் பாவு, பேருந்து ஓடும் நாடா, அளவு ஊடை. நெய்து வருவது உண்மை!

குறை இல்லையா? இருக்கிறது. பயணிகளின் கைப்பேசி அலை கலக்கும். ஆகவே பெட்டியைக் கூரைமேல் வைக்கவேண்டும், கலப்பைப் பிரித்தெடுக்கவேண்டும். வீட்டுக்குள் இருப்பதைப் பேருந்து அளக்காது. ஆகவே பள்ளியிலும் மருத்துவமனையிலும் நிலையான கருவி வேண்டும். மலிவுக் கருவி பிழைபோகும். ஆகவே அடிக்கடி சரிபார்க்கவேண்டும். சரிபார்க்க அமெரிக்காவுக்குப் போகவேண்டாம். சென்னைத் தரமணியிலேயே ‘சமீர்’ மின்காந்தவியல் மையம் இருக்கிறது. கிண்டியிலே அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது.

“தொலைத்தொடர்பு எங்கள் அதிகாரம், மாநிலத்துக்கு என்ன வேலை?” என்று டில்லி கேட்கும். ஆம், ஒன்றியப் பட்டியலில் 31-ஆவது இனமாகத் தந்தி, தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு எல்லாவற்றையும் தன் பக்கம் எழுதிவைத்துக்கொண்டிருக்கிறது டில்லி. 2022 ஆகஸ்டு 1-இல் முடிந்த ஏலத்தில் மட்டும் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விலைபோயிற்று. வானத்தை விற்ற பணம் டில்லிக்கு. வானத்தின் கீழ் வாழும் அச்சம் நமக்கு! விற்பதற்கு ஏலமேடை போடத் தெரிந்தவர்களுக்கு, அளப்பதற்கு ஒரு பெட்டி வைக்கத் தெரியாதா? அவர்கள் வைக்கமாட்டார்கள் என்றால், மாநிலம் வைக்கட்டும். அலையை விற்பது ஒன்றியத்தின் அதிகாரமாக இருக்கலாம். மக்களின் உடல்நலத்தைக் காப்பது மாநிலத்தின் கடமை. அளப்பதற்கு எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை.

“அளவை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள்” என்பார்கள் சில அதிகாரிகள். மக்களை எப்போதும் குழந்தைகளாக எண்ணுகிற பழைய புத்தி இது! பீதியைப் பெற்றெடுப்பது எண்ணல்ல, மறைப்பு. “உங்கள் தெருவில் வரம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை” என்று நாளும் ஒரு பலகையில் எழுதிப்போட்டால், தாயத்து விற்பவனுக்கு வேலை ஏது? வரம்பைத் தாண்டியிருந்தால், தண்டம் கட்டாமல் நிறுவனம் தப்புவது ஏது? எண் வெளிவந்தால் வீண் அச்சம் ஓடும், விதிமீறலும் ஓடும். இரண்டில் எது நேர்ந்தாலும் வெற்றி மக்களுக்கே!

ஆகவே நாம் கேட்பது இது. குடிமகன் கேட்டால் கட்டணமின்றி அளந்து தரவேண்டும். செலவு நிறுவனங்களுடையது, அளவுகோல் நிறுவனங்களுடையதாக இருக்கக்கூடாது. சென்னைப் பேருந்துகளில் முதலில், பிற நகரங்களில் அடுத்து, எல்லையோரத்துச் சிற்றூர்கள் வரை பின்னர், நடமாடும் அளவுக்கருவி ஏறவேண்டும். அளந்தது தெருவாரியாக, நல்ல தமிழில், தொழிலாளி படித்துப் புரிந்துகொள்ளும்படி வெளிவர வேண்டும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. கோபுரம் வருகிறது என்றதும் கொடி பிடித்து மறிப்பது எளிது. கோபுரக்காரன் கொடுக்கும் வாடகையைப் பார்த்து வாய் மூடுவது அதைவிட எளிது. இரண்டும் வேண்டாம். அந்த இடத்துச் சான்றிதழைக் கேளுங்கள். எப்போது சோதித்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். கைப்பேசியில் *#07# என்று தட்டுங்கள். அதன் அலை உடலில் எவ்வளவு இறங்கும் என்ற எண் வரும். கிலோவுக்கு 1.6 வாட் என்பது 2012-இல் வகுத்த மேல்வரம்பு. அந்த எண்ணை நம் படிப்பகத்தில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுங்கள். காதில் வைத்து மணிக்கணக்கில் பேசாமல் கம்பி வைத்துப் பேசச் சொல்லுங்கள். இதுவும் பகுத்தறிவுப் பிரச்சாரம்தான்.

1960 ஏப்ரல் 1-இல் திருத்தணியும் சுற்றியுள்ள ஊர்களும் தமிழகத்தோடு இணைந்தன. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் அதற்காகப் பாடுபட்டார்கள். படாஸ்கர் வரைபடத்தில் கோடு கிழித்தார். ஊர் எந்தப் பக்கம், ஏரி எந்தப் பக்கம் என்று அங்குலம் அங்குலமாக அளந்து பெற்ற எல்லை அது. இன்று அந்த எல்லையின் மேலே, கோட்டை மதிக்காத அலைகள் நகரியிலிருந்து இங்கும், இங்கிருந்து நகரிக்கும் போகின்றன. மண்ணை அளந்து உரிமை கேட்ட மக்கள், காற்றில் வருவதையும் அளந்து உரிமை கேட்பார்கள்.

தேநீர்க் கடைப் பெரியவர் இன்னும் விடைக்குக் காத்திருக்கிறார். அவருக்கு நம்பிக்கை வார்த்தை வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம். ஓர் எண் வேண்டும். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு வரும் பேருந்தின் கூரையில் அந்த எண் ஏறிவரும் நாள் எந்நாளோ, அந்நாளே அவர் கேள்விக்கு நாம் பதில் சொன்ன நாள்.